யன்னலோரக் கொத்தமல்லி

கொத்தமல்லியை நாம் ஒரு செடியாக நினைப்பதில்லை. நமக்கு அது ஒரு சாமான். கடையில் நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் என்று நிறுத்துக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். வீட்டுக்கு வந்தால் வறுபடும், இடிபடும், தூளாகிக் கறிக்குள் போகும். தடிமன், காய்ச்சல் என்றால் வேர்க்கொம்போடு அவிந்து மல்லித்தண்ணியாகும். அந்தச் சின்ன உருண்டைக்குள் உறங்கிக் கிடப்பது ஓர் உயிர் என்பதை அடுப்படியில் நிற்கும் எவரும் யோசிப்பதில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

கறிவேப்பிலையின் கதை வேறு. அது வீட்டின் பின்பக்கம் நிற்கும். ரம்பை கிணற்றடியில் நிற்கும். மல்லித்தழை மட்டும் எங்கள் பக்கத்தில் எப்போதும் வெளியூர்க்காரன்தான். மலைநாட்டிலிருந்து லொறியில் ஏறி, சந்தைக்கு வந்து சேரும்போது பாதி வாடிப்போயிருக்கும். கலியாண வீட்டுப் புரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் வாங்குவோம். மற்ற நாட்களில் அதன் ஞாபகம் வராது.

அதற்குக் காரணங்களும் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. வளவு மண் சொரசொரத்த வெள்ளை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. வேலிக்குள் தலையை விட்டுத் தின்னும் ஆடுகள், கிளறிப்போடும் கோழிகள், எவர் வீட்டுக்கும் சொந்தமாய்த் திரியும் மாடுகள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பருவம். மல்லிக்குக் குளிர்ச்சி வேண்டும். வெயில் ஏறினால் இலை விடாமல் அவசரப்பட்டுப் பூக்கும். எங்களுக்குக் கொஞ்சமாவது குளிர்ச்சி இருப்பது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை கொட்டும். மெல்லிய தண்டுள்ள பயிர் அந்த அடியில் நிலத்தோடு படுத்துவிடும். ஆகவே, வீட்டுக்கு வெளியே மல்லிக்கு இடமில்லை. வீட்டுக்குள்ளே வைத்து வளர்க்கலாம் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. 2022ஆம் ஆண்டின் கடைசியில் எங்கள் உம்மாவின் அறையில் அது நடந்தது.

அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அமைச்சரவையே தீர்மானித்தது. ஊரெல்லாம் மரவள்ளித் தடி ஊன்றினார்கள். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். நூறு கிராம் மல்லி வாங்குகிற கைக்கு அந்தக் கணக்கு சொல்லாமலே விளங்கும்.

ஒக்டோபர் கடைசியில் வாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. 74 வயது. உம்மா விடியலிலும் அந்தியிலும் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார். அதற்கென்றே அரைக் கிலோ மல்லி வாங்கி ஒரு பேணியில் போட்டு வைத்திருந்தார். மருந்தும் மல்லியும் இரண்டு வாரம் கூட நிற்கவில்லை. நவம்பர் முதல் வாரத்தில், ஒரு சனிக்கிழமை சுபஹுக்குப் பின்னர் வாப்பா மௌத்தானார். உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். பேணியில் முக்கால்வாசி மல்லி மிச்சம் இருந்தது.

எங்கள் பகுதி வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஆண் பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். தாய் வீடு பெண் பிள்ளைக்கு உரியது. நானும் அப்படித்தான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். உம்மா தங்கச்சியோடு இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தினமும் அங்கே போவேன். இத்தா அறை என்பது வீட்டின் பின்புறத்து அறை. வெள்ளைப் புடவை. வாசலுக்கு ஒரு திரை. யன்னலுக்கும் ஒரு தடித்த துணி. பகலிலும் லைற் போட்டால்தான் முகம் தெரியும். நான்கு மாதமும் பத்து நாளும் சந்திர மாதக் கணக்கில் ஏறக்குறைய 128 நாட்கள்.

உம்மா அழுகிறவரல்ல. பேசாமல் இருந்தார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். "ருசி தெரியல்ல மகன்" என்பார். ஐம்பது வருடம் அடுப்படியிலும் வளவிலும் ஓடித்திரிந்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. ஓதுவார், தொழுவார். அதற்குப் பிறகும் ஒரு நாள் நிறைய மிச்சம் இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் கடைசி இரவின் கதையை ஒரே சொற்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, நான் போனபோது அந்தப் பேணி மல்லியைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கிக் கொண்டிருந்தார். தங்கச்சி அதை அரைக்கக் கேட்டிருக்கிறாள், உம்மா கொடுக்கவில்லை. "அவருக்கு வாங்கினது, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தங்கச்சியின் மகள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். அவள் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு உருண்டையை நகத்தால் அமத்தினாள். அது இரண்டாகப் பிளந்தது.

"மாமா, இது வெதையா, சாமானா?"

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முளைத்தல் படிப்பித்தவர், பயறையும் போஞ்சியையும் தவிர வேறு விதைகளும் உலகத்தில் உண்டு என்று அடிக்கடி சொல்வார். ஆனாலும் நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு ஈரப் பஞ்சில் பயறு வைத்துத்தான் காட்டுகிறோம். மறுநாள் முளைக்கும், பாடம் முடியும். மல்லியை வைத்துப் பார்த்த ஆசிரியரை நான் கண்டதில்லை. அது விதைதான் என்றேன். முளைக்குமா என்று கேட்டது பிள்ளை அல்ல, உம்மா.

நான் செய்தது இதுதான். யாரும் செய்யலாம், ஆகையால் விபரமாகச் சொல்கிறேன்.

நாம் விதை என்று நினைக்கும் மல்லி உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் முகத்தோடு முகம் ஒட்டிய இரண்டு விதைகள் இருக்கின்றன. முழுதாகப் போட்டாலும் முளைக்கும், ஆனால் ஓடு நனைந்து இளக நாளெடுக்கும். ஒரு துணியில் பரப்பி, மேலே ஒரு போத்தலை மெதுவாக உருட்டினால் பிளந்துவிடும். நசுங்கக் கூடாது, பிரிந்தால் போதும். பிளந்ததை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். கறிக்கு விற்கும் மல்லி எவ்வளவு காலம் சாக்கில் கிடந்தது என்பது தெரியாது. பழையது முளைக்காது. ஆகவே தாராளமாகத் தூவ வேண்டும். வறுத்ததைச் சொல்லவே வேண்டியதில்லை.

மல்லிக்கு ஆணிவேர். காரட்டின் குடும்பம் அது. நற்சீரகம், பெருஞ்சீரகம், சதகுப்பை எல்லாம் அதே குடும்பம்தான். நாற்றுப் போட்டுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். எந்த இடத்தில் வளர வேண்டுமோ அந்த இடத்திலேயே விதைக்க வேண்டும். பாத்திரமும் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் ஆழமாக இருக்க வேண்டும். தங்கச்சியின் கடைசிப் பிள்ளைக்கு வாங்கிய பெரிய பால்மாப் பேணிகள் ஆறு கிடந்தன. அடியில் ஆணியால் துளைகள் போட்டேன். வயல் மண் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கலந்து நிரப்பி, விரல் நகத்தின் ஆழத்துக்கு விதையைப் போட்டு மூடி, மேலே ஒரு பழைய பத்திரிகைத் தாளை வைத்தோம். மல்லி முளைக்க இருட்டு உதவும். பேணிகளின் கீழே உடைந்த பீங்கான்கள். முதலில் இரண்டு பேணிகளில்தான் விதைத்தோம். மற்றவற்றை இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக விதைக்க வேண்டும் என்று வைத்தோம். அப்படிச் செய்தால் ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். காத்திருக்கும் பொறுமைக்காக ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் வெந்தயமும் தூவினோம். வெந்தயம் மூன்றாம் நாளே தலை காட்டியது. உம்மாவுக்கு அதில் நம்பிக்கை வந்தது.

முளைப்பதற்கு இருட்டுப் போதும். முளைத்த பிறகு வெளிச்சம் வேண்டும். சிக்கல் அங்கேதான் வந்தது.

அந்த அறைக்கு ஒரே யன்னல். கிழக்குப் பார்த்தது, கிணற்றடிப் பக்கம். காலை வெயில் நேராக விழக்கூடியது. அதைத் திறப்பதா? அயல் வீட்டு மூத்தம்மா ஒருவர், மூன்று பேருடைய இத்தாவுக்குத் துணை இருந்தவர், கன்னத்தில் கை வைத்துவிட்டார். "இத்தா அறையில யன்னல் தொறக்கிற புதினத்தை இப்பதான் கேக்கன்" என்றார். இன்னொருவர், இத்தாவில் இருக்கிறவளுக்கு வாசனை ஆகாது, மல்லித்தழை வாசனைதானே என்று சந்தேகம் கிளப்பினார். தங்கச்சி பயந்துவிட்டாள். ஊர்ப் பேச்சுக்கு அவள்தான் முகம் கொடுக்க வேண்டும். நான் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் போய்விடுவேன்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். வயதில் என்னைவிட இளையவர். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு, "அந்த யன்னல் எந்தப் பக்கம் சேர்?" என்றார். கிணற்றடி, சுற்றிவர மதில், வீட்டுப் பெண்கள் மட்டும் புழங்கும் இடம் என்றேன். வெளியே போவதையும், அலங்காரத்தையும், வாசனை பூசுவதையும் பற்றித்தான் விதி இருக்கிறது, வெளிச்சத்தைப் பற்றி ஒன்றுமில்லை என்றார். "கறிக்குப் போடுற தழை அத்தரில்லையே" என்றும் சொன்னார். நான் வந்து சொன்னதைத் திரைக்குப் பின்னால் இருந்து உம்மா கேட்டார். எவரும் எழும்புவதற்கு முன்னர் தானே எழும்பி யன்னல் துணியை ஒரு பக்கமாக ஒதுக்கி முடிச்சுப் போட்டார். பதினெட்டு நாட்களுக்குப் பிறகு அந்த அறைக்குள் பகல் வந்தது.

ஒன்பதாம் நாள் மல்லி முளைத்தது. அன்று நான் போனபோது உம்மாவின் முகம் சரியில்லை. "இது மல்லியில்ல மகன், புல்லு" என்றார். பார்த்தேன். ஒல்லியாக, நீளமாக, ஒரு வெட்டும் இல்லாத சோடி இலைகள். மல்லியின் வித்திலைகள் அப்படித்தான் இருக்கும். நமக்குப் பழக்கமான விசிறி இலை அதற்குப் பிறகுதான் நடுவிலிருந்து வரும். பிடுங்காமல் ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். ஆறாம் நாள் மருமகள் ஒழுங்கை வரைக்கும் ஓடி வந்து, "மாமா, மல்லி எல வந்திட்டு" என்று கூவினாள்.

வீட்டுக்குள் வளரும் செடிக்கு மூன்று எதிரிகள். முதலாவது, ஒரு பக்க வெளிச்சம். கழுத்தை நீட்டி யன்னலுக்குள் தலையை விடப் பார்க்கும், தண்டு நலிந்து சாயும். பேணியைத் தினமும் காலில் ஒரு பங்கு திருப்பி வைக்க வேண்டும். மழை இருட்டிய நாட்களுக்காக, பால்மாப் பக்கற்றின் வெள்ளித்தாளை விரித்து அறைப்பக்கமாகப் பேணிகளுக்குப் பின்னால் நிறுத்தினோம். விழுகிற வெளிச்சம் திரும்பிப் படும். இரண்டாவது எதிரி, அன்பு மிகுந்த தண்ணீர். மருமகள் மூன்று நேரமும் ஊற்றியதில் ஒரு பேணிக் கன்றுகள் அடித்தண்டு அழுகி ஒரே இரவில் படுத்துவிட்டன. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தெரியாவிட்டால் மட்டும், காலையில் கீழேயுள்ள பீங்கானில் ஊற்ற வேண்டும். மேலே உள்ள மண் காய்ந்து இருப்பதே கன்றுக்கு நல்லது. மூன்றாவது, நெருக்கம். முளைத்ததெல்லாம் இருக்கட்டும் என்று விட்டால் ஒன்றும் தேறாது. மெலிந்ததைப் பிடுங்கிச் சம்பலில் போட வேண்டும்.

இந்த மூன்று வேலையும் உம்மாவின் கைக்கு வந்தன. திருப்புவது, தொட்டுப் பார்ப்பது, பிடுங்குவது. சுபஹுத் தொழுதுவிட்டு வெயில் வரும்வரை யன்னலடியில் இருப்பார். மருமகளின் கொப்பியில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு பேணியும் விதைத்த நாளை எழுதச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இத்தாவின் கணக்கும் இருந்தது. நாற்பத்தோராம் நாள், இரண்டாம் பேணிக்கு ஒரு சாண் என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன்.

விசாரிக்க வந்தவர்களின் பேச்சும் மெல்ல மெல்ல மாறியது. யாரோ சந்தையில் வாங்கிய மின்ச்சிக் கட்டிலிருந்து நாலு தண்டு கொண்டு வந்தார். மின்ச்சியின் விதை தூசி மாதிரி, விதைத்தால் தாய்ச்செடியின் குணம் வருமென்பதும் நிச்சயமில்லை. தண்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். வெளியிலேயே வேர் தெரிவதைப் பெண்கள் கிளாஸைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். மருமகள் கறிவேப்பிலைப் பழம் பொறுக்கி வந்தாள். கறுத்துக் கனிந்த பழத்தின் சதையை நீக்கி அன்றைக்கே விதைக்க வேண்டும், காய வைத்தால் உயிர் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தேன். மல்லி விதை காய்ந்து நெடுநாள் காத்திருக்கும், கறிவேப்பிலை விதையால் ஒரு மாதமும் காத்திருக்க முடியாது. "மனிசர் மாதிரித்தான்" என்றார் கன்னத்தில் கை வைத்த அதே மூத்தம்மா. அவர் இப்போது தினமும் வந்தார். கடைசி இரவின் கதையைக் கேட்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. உம்மாவும் சொல்லவில்லை.

ஜனவரி முதல் கிழமையில் முதல் பேணியின் வெளி இலைகளை உம்மாவே கத்தரித்தார். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் வைத்துச் சம்பல் அரைத்தார்கள். அன்று ஒரு பீங்கான் சோறு முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். அவளது புருஷன் மட்டும் சம்பலைத் தள்ளி வைத்தான். அவனுக்கு மல்லித்தழை சவர்க்காரம் மாதிரி மணக்கும். அது பகிடியில்லை. மல்லித்தழையின் மணத்தைத் தருவது அல்டிஹைட் என்னும் சேர்மங்கள். சவர்க்காரத்திலும் அந்த வகை உண்டு. அந்த மணத்தைக் கூடுதலாக உணரச் செய்யும் மரபணு வேறுபாடு சிலரில் இருப்பதாக 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மச்சானுக்கு அதைச் சொன்னேன். இருபது வருடக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கிடைத்தவனைப் போல அவன் தங்கச்சியைப் பார்த்தான்.

உம்மாவுக்கு இன்னொரு செய்தியும் சொன்னேன். 1922 நவம்பரில் எகிப்தில் தூத்தன்காமன் என்ற அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய அந்தக் கல்லறைக்குள் வைத்த பொருட்களில் மல்லியும் இருந்தது. உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அவருக்கும் காய்ச்சலா?" என்றார்.

ஜனவரி நடுவில் முதல் பேணிச் செடிகளின் போக்கு மாறியது. நடுத்தண்டு உயர்ந்தது. புதிய இலைகள் விசிறியாக வராமல் சதகுப்பை மாதிரிக் கீறு கீறாக வந்தன. பூக்கப் போகிறது என்பதற்கு அடையாளம் அது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு இலைக்காக அதை வைத்திருப்பதில் பயனில்லை. தண்டைக் கிள்ளினால் சில நாள் தள்ளிப் போகலாம், நிறுத்த முடியாது. தழைதான் வேண்டுமென்றால் அப்போது பிடுங்கிவிட்டு அடுத்த விதையைப் போட வேண்டும். அதைத்தான் சொன்னேன். உம்மா சம்மதிக்கவில்லை. "அது போற போக்குக்குப் போகட்டும், மகன். நான் எங்க போகப் போறன், இருந்து பாக்கன்" என்றார்.

பூத்தது. குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூக்கள், ஓரத்தில் இலேசான ஊதா. வீட்டுக்குள் பூத்த பூவுக்கு மகரந்தம் யார் கொண்டு போவது என்று யோசித்து, தண்டை மெல்லத் தட்டிவிடச் சொல்லியிருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. யன்னல் கம்பிக்கு ஊடாகக் கொடுக்கில்லாத சின்னத் தேனீக்கள் வந்தன. அறைக்குள் அந்நியர் நுழைகிறார்களே என்று தங்கச்சி சொன்னபோது, பூவுக்கு வரும் வேலைக்காரத் தேனீக்கள் அத்தனையும் பெண்கள்தான் என்றேன். உம்மா சிரித்துவிட்டார். வாப்பா போனதற்குப் பின் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். உடனே திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பச்சைக் காய் பிடித்தபோது அறையில் மூட்டைப்பூச்சி மணம் அடித்தது. மருமகள் மூக்கைப் பொத்தினாள். காய் பழுத்துப் பழுப்பாக ஆகும்போது அந்த அல்டிஹைட்டுகள் குறைந்து, லினலூல் என்னும் வேறொரு வாசனைப் பொருள் மேலோங்கும். மார்ச் முதல் கிழமையில் ஒரு காலை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அது தெரிந்தது. மல்லித்தண்ணி அவிக்கும்போது வருமே, அந்த வாசம். உம்மா யன்னலடியில் இருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருவருக்கும் வாப்பாவின் ஞாபகம் வந்தது. ஆனால் அன்று அவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கவில்லை.

குடைகளை வெட்டிக் கடதாசிப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். விதைத்த நாளிலிருந்து நூற்றைந்து நாளாகியிருந்தது. உதிர்ந்த காய்கள் ஒரு தேநீர்க் கோப்பையில் பாதியும் இல்லை. கடைக் கணக்கில் பார்த்தால் சில ரூபாய்கள். ஒரு கிழமை கழித்து இத்தா முடிந்தது. உம்மா குளித்து, கிணற்றடிக்கு வந்து, வெயிலில் நின்றார். அதே மாதக் கடைசியில் நோன்பு பிறந்தது. முதல் நோன்பின் கஞ்சிக்கு நான்காம் பேணியின் தழையைக் கத்தரித்தார்கள்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இத்தாவைப் பற்றிப் பேசும்போது நம்மில் இரண்டு தரப்பினர் சண்டை பிடிக்கிறோம். ஒரு தரப்பு அதைச் சிறை என்கிறது. மற்றத் தரப்பு அதைப் பற்றி வாய் திறப்பதே பிழை என்கிறது. இரண்டு தரப்பிலும் பெரும்பாலும் ஆண்கள். அந்த அறைக்குள் ஒரு பகல் எப்படிப் போகிறது என்பதை இருவரும் கேட்பதில்லை. மார்க்கம் சொன்னது நாட்களின் எண்ணிக்கையையும் சில ஒழுங்குகளையும். யன்னலுக்குத் தடித்த துணியைத் தொங்கவிட்டது நாம். சும்மா இருக்கும் கைகளைத் துக்கத்துக்கு மரியாதை என்று நினைத்ததும் நாம். அந்த நான்கு மாதத்தையும் பத்து நாளையும் உம்மா ஒருநாளும் குறையாமல் முழுதாக இருந்தார். மல்லி அவருடைய துக்கத்தை எடுத்துப்போடவில்லை, அப்படிச் சொல்வது பொய். விடிந்ததும் போய்ப் பார்க்க ஒன்று அவருக்கு இருந்தது. நேற்றைக்கு இல்லாத ஓர் இலை இன்றைக்கு இருந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளிச்சமும் வளர்கிற ஒன்றும் வேண்டும் என்பதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. இது இத்தாவுக்கு மட்டுமல்ல, பாயில் கிடக்கும் நோயாளிக்கும், வெளியே இறங்க முடியாத முதியவருக்கும் பொருந்தும்.

கோப்பையில் இருந்த மல்லியை உம்மா அரைக்கக் கொடுக்கவில்லை. பழைய கொப்பித் தாள்களில் சின்னச் சின்னச் சுருள்களாக மடித்து வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் மூன்று பெண்கள் இத்தாவில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் கத்தம் கழிந்ததும் உம்மா ஒரு பேணி மண்ணையும் ஒரு சுருளையும் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வீட்டில் அது முளைக்கவேயில்லை. அந்தப் பெண் இளம் பெண், தண்ணீர் விடவும் மனம் வரவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் கழித்து இன்னொரு சுருளோடு போனார். இன்னொரு வீட்டில் யன்னலைத் திறக்க விடவில்லை. மூன்றாவது வீட்டில் பூத்திருக்கிறது என்று செய்தி வந்தது.

நீங்களும் செய்து பார்ப்பதானால் ஐப்பசி கடைசியில், மழை பிடிக்க முன்னர் தொடங்குங்கள். கிழக்கு யன்னலைத் தெரிவு செய்யுங்கள். மல்லியைப் பிளக்கும்போது போத்தலை அழுத்தாமல் உருட்டுங்கள்.